பிள்ளையின் உள்ளத்தை உடைக்காதீர்!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துக் காத்துவரும் அல்லாஹு தஆலாவுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

தொழுகை, நோன்பு, ஜகாத்து பற்றி இந்த ஏட்டில் அடிக்கடி பேசுகிறோம். இம்முறை நம் வீடுகளில் பலர் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தைப் பேச விரும்புகிறேன். வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் மனநிலையே அது. அவர்களுடைய கைகால் இழுப்பதை நாம் பார்க்கிறோம். அவர்களுடைய உள்ளம் படும் பாட்டை நாம் பார்ப்பதில்லை.

இதைப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாரக் கடைசியில் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகளில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் ஓதிக்கொண்டிருந்தபோதே கம்பளத்தில் விழுந்து அவனுக்கு வலிப்புக் கண்டது. ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். ஒருவர் கரண்டியால் பல்லைத் திறக்கப் பார்த்தார். மற்றொருவர் செருப்பை மூக்கருகில் கொண்டுவந்தார். எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். பையன் கண் விழித்தபோது கால்சட்டை நனைந்திருந்தது. சுற்றிலும் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான்.

பையனை அழைத்துப் போக அவன் வாப்பா வந்தார். அப்பொழுது பெரியவர் ஒருவர், "நோய் தீரும்வரை பிள்ளையை இங்கே அனுப்ப வேண்டாம், தம்பி. அவன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்றும் பேசவில்லை. வாப்பாவும் ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பையனின் உம்மா என் மனைவியிடம் சொன்ன ஒரு வார்த்தை என் காதுக்கு வந்தது. பிள்ளை அவரிடம், "உம்மா, அல்லாஹ் என்னைப் பள்ளியைவிட்டுத் துரத்திவிட்டானா?" என்று கேட்டானாம்.

சகோதரர்களே! அல்லாஹ் துரத்தவில்லை. நாங்கள்தான் துரத்தினோம். ஆனால் அந்தப் பழி ஒரு பிஞ்சு மனத்தில் அல்லாஹ்வின் மீது போய் விழுந்துவிட்டது. இதற்கு மறுமையில் நான் என்ன பதில் சொல்வேன் என்ற பயமே என்னை இன்று எழுத வைக்கிறது.

இனி, இந்த நோயைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் நடந்ததைக் கேளுங்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீது நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. கருநிறப் பெண்மணி ஒருவர் நாயகம் அவர்களிடம் வந்தார். தமக்கு வலிப்புக் காண்கிறதென்றும், அப்பொழுது தமது ஆடை விலகிவிடுகிறதென்றும் முறையிட்டு, துஆச் செய்யுமாறு வேண்டினார். பொறுமையாக இருந்தால் சுவர்க்கம் கிடைக்கும், விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என்று நாயகம் அவர்கள் இரண்டையும் அவர் முன்னே வைத்தார்கள். அந்த அம்மையார் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். ஆயினும், ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாயகம் அவர்களும் அவ்வாறே துஆச் செய்தார்கள்.

இந்த ஹதீதைப் பொறுமையின் சிறப்புக்காகப் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த அம்மையார் நோயைப் பொறுத்துக்கொள்ள ஒப்பினார். நாலு பேர் முன்னிலையில் ஏற்படும் வெட்கத்தைப் பொறுத்துக்கொள்ள அவரால் இயலவில்லை. நோய் ஒன்று, நோயால் வரும் அவமானம் மற்றொன்று. இரண்டையும் அவர் பிரித்துச் சொன்னார். நாயகம் அவர்கள், "நோயையே தாங்குகிறாய், இந்தச் சிறு வெட்கத்தைத் தாங்கக்கூடாதா?" என்று கேட்கவில்லை. அந்த வெட்கத்தையும் ஒரு துன்பமாக மதித்து, அதற்கென்றே தனியாக துஆச் செய்தார்கள். வளர்ந்த ஒரு பெண்மணிக்கே தாங்க முடியாத வெட்கத்தைப் பதினொரு வயதுப் பாலகன் தாங்குவானா?

மேலும் ஒன்று. இந்தச் சம்பவத்தை நமக்கு அறிவித்தவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். பிற்காலத்தில் தம் மாணவர் அதாஉ அவர்களுக்கு அந்த அம்மையாரைக் காட்டியபோது, "வலிப்புக்காரி" என்று அவர்கள் சுட்டவில்லை. சுவர்க்கத்துப் பெண் ஒருவரைக் காட்டட்டுமா என்றே கேட்டார்கள். நோயாளியை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?

நாமோ என்ன பெயர் வைத்திருக்கிறோம்? தமிழில் காக்காய் வலிப்பு என்கிறோம். மலாய் மொழியில் பன்றியின் பெயரையும், சீன மொழியில் ஆட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழைய வழக்குகள் உண்டு. மூன்று சமூகமும் கூடி வாழும் இந்நாட்டில் மூன்று மொழியிலும் மிருகத்தின் பெயரும் பறவையின் பெயரும் இந்த நோய்க்கு வந்து சேர்ந்திருப்பதை என்னென்பது! ஒரு முஸ்லிம் பிள்ளையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் அந்த மலாய்ப் பெயரைச் சொன்னால் அதன் மனம் என்ன பாடுபடும்? ஒருவரை ஒருவர் பரிகாசம் செய்வதையும், பட்டப் பெயரால் அழைப்பதையும் திருமறையின் 49ஆம் அத்தியாயம் கண்டிப்பாகத் தடுத்திருக்கிறது. ஹாங்காங்கில் 2010ஆம் ஆண்டில் வைத்தியர்கள் கூடி இந்நோயின் சீனப் பெயரையே மாற்றி, மூளையைக் குறிக்கும் புதிய பெயரைச் சூட்டினார்கள். நமக்கோ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டளை வந்துவிட்டது. நாம் இன்னும் மாறவில்லை.

வலிப்பு என்பது யாது? மூளையின் நரம்பணுக்கள் மெல்லிய மின்சாரத்தின் மூலமே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சிற்சில சமயம் அவற்றுள் ஒரு பகுதியோ முழுவதுமோ ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கிளம்பிவிடுகின்றன. அதுவே வலிப்பு. பிறக்கும்போது மூச்சு முட்டியதாலோ, தலையில் பட்ட அடியாலோ, மூளைக் காய்ச்சலாலோ, பரம்பரைக் கூறாலோ இது வரலாம். பலருக்குக் காரணம் புலப்படுவதும் இல்லை. இது தொற்று நோயன்று. வாயில் வரும் நுரை பட்டாலும் பிறருக்கு வராது. உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், தக்க வைத்தியம் கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடுமென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் முன்னோரான இப்னு ஸீனா (980-1037) தமது வைத்திய நூலாகிய அல்கானூனில் இதை மூளையின் நோய்களுள் ஒன்றாக வைத்தே எழுதினார்.

எல்லா வலிப்பும் கீழே விழுந்து துடிப்பதாக இராது. சில பிள்ளைகள் ஓதிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நிறுத்திவிடுவார்கள். பத்து விநாடி போல எங்கோ வெறித்துப் பார்ப்பார்கள். பிறகு ஒன்றும் நடவாததுபோல் தொடர்வார்கள். இடையில் சொன்னது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஓதிக்கொடுக்கும் ஹஜரத்மார்களே! உங்களை வணக்கமாகக் கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று பிரம்பால் அடித்துவிடாதீர்கள். நாளுக்குப் பலமுறை இவ்வாறு நேர்ந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். செய்யாத குற்றத்திற்கு அடிவாங்கும் பிள்ளை, தன்னிடமே ஏதோ கெடுதல் இருப்பதாக எண்ணத் தொடங்கிவிடும்.

இப்பொழுது மனத்தைப் பற்றிய கணக்கைக் கேளுங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஒயிட் தீவில் குழந்தைகளை ஆராய்ந்து 1970ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான பிள்ளைகளில் நூற்றுக்கு சுமார் 7 பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. வேறு மூளைக் குறை ஏதுமின்றி வலிப்பு மட்டும் உள்ள பிள்ளைகளில் அது நூற்றுக்கு 29 அளவில் இருந்தது. 1999ஆம் ஆண்டில் பிரிட்டனில் எடுத்த பெரிய கணக்கெடுப்பைக் கொண்டு 2003இல் வெளியான ஆராய்ச்சியில், வலிப்புள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 37 பேருக்கும், நீரிழிவுள்ள பிள்ளைகளில் 11 பேருக்கும், ஏனைய பிள்ளைகளில் 9 பேருக்கும் இத்தகைய கோளாறு காணப்பட்டது.

நீரிழிவும் நாள்தோறும் மருந்தெடுக்க வேண்டிய நீண்ட நோய்தானே? அப்படியிருக்க ஏன் இவ்வளவு வித்தியாசம்? காரணங்கள் பல. வலிப்பு உண்டாகும் அதே மூளையில்தான் அச்சமும் துக்கமும் கோபமும் கவனமும் உண்டாகின்றன. ஆகவே ஒரே கோளாறு இரண்டையும் தரலாம். சில மாத்திரைகள் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் படபடப்பையும் உண்டாக்குகின்றன. எப்பொழுது வலிப்பு வருமோ, யார் முன்னால் வருமோ என்ற ஓயாத திகில் வேறு. இவற்றோடு நம்முடைய ஏச்சும், ஒதுக்கலும், மூடி மறைத்தலும் சேர்ந்துகொள்கின்றன. முதல் மூன்றுக்கும் வைத்தியரிடம் போக வேண்டும். கடைசிக் காரணத்திற்கு வைத்தியம் நம் கையில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கைக் கேட்டுப் பெற்றோர் திகிலடைய வேண்டாம். நூற்றில் அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மனக் கோளாறின்றியே இருக்கிறார்கள் என்பதும் அதே கணக்குத்தான். கவனித்துப் பாருங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

சிலர் என்னிடம் கேட்பார்கள்: "அந்த அம்மையார் பொறுமையைத்தானே தேர்ந்தார்? நாமும் நம் பிள்ளைக்குப் பொறுமையோடு இருந்துவிட்டால் என்ன?" நல்ல கேள்வி. அந்த அம்மையார் வயதறிந்தவர். தம் உடம்புக்குத் தாமே முடிவு செய்தார். தன் பிள்ளையின் துன்பத்துக்குத் தகப்பன் பொறுமையைத் தேர்ந்துகொள்வது அதனோடு ஒவ்வாது. வலிப்பது பிள்ளைக்கு, பொறுமையின் பெயர் நமக்கா? மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளுக்கு, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடை கூறியிருக்கிறார்கள். வைத்தியம் செய்வதும் தவக்குல்தான். மாத்திரை கொடுத்துவிட்டு துஆக் கேட்பதும் ஸபூர்தான்.

இன்னும் சிலர், "இது ஜின்னின் வேலை" என்பார்கள். ஜின் என்னும் படைப்பு உண்டென்று நாம் நம்புகிறோம். குர்ஆன் சொன்னதை மறுப்போர் யார்? ஆனால் ஜின் உண்டென்று நம்புவது வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோய் ஜின்னால்தான் வந்தது என்று தீர்ப்புச் சொல்வது வேறு. மறைவானதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. உன் உள்ளே ஷைத்தான் இருக்கிறான் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்! அது இரவில் எப்படித் தூங்கும்? தன் உடம்பைப் பார்த்தே பயப்படாதா? ஓட்டுகிறேன் என்று அடிப்பதும், முகத்தில் புகை போடுவதும், மாத்திரையை நிறுத்துவதும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. பெற்ற தாய் தலையில் கைவைத்து ஃபாத்திஹா ஓதி ஊதட்டும். அதில் பிள்ளைக்கு ஆறுதலும் உண்டு, பரக்கத்தும் உண்டு. கூடவே நேரம் தவறாமல் மாத்திரையையும் கொடுக்கட்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெற்றோர்களே! பின்வரும் குறிகளைப் பாருங்கள். முன்பு விளையாடிய பிள்ளை விளையாட்டை வெறுக்கிறதா? காலையில் பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி என்கிறதா? தூக்கம் கெட்டிருக்கிறதா? சிறு விஷயத்துக்கும் சீறுகிறதா? "என்னால் உங்களுக்குத் தொல்லை" என்கிறதா? அடுத்த முறை வைத்தியரைப் பார்க்கும்போது வலிப்பு எத்தனை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள்; இதையும் சொல்லுங்கள். புது மாத்திரை ஆரம்பித்த பிறகு குணம் மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் மாற்றிக் கொடுக்கலாம். சிங்கப்பூரில் கே.கே. மகளிர், சிறுவர் ஆஸ்பத்திரியிலும், கோலாலம்பூரில் துங்கு அஜிஸா ஆஸ்பத்திரியிலும் குழந்தைகளின் நரம்பு நோய்க்கென்றே வைத்தியர்கள் இருக்கிறார்கள். மனநல வைத்தியரிடம் அனுப்பினால் வெட்கப்படாமல் போங்கள். பிள்ளை செத்துப்போக வேண்டும் என்று சொன்னால், பாவமான பேச்சு என்று வாயை அடைக்காதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அன்பின் மிகுதியால் செய்யும் தவறும் ஒன்று உண்டு. ஓடாதே, ஏறாதே, யாரோடும் போகாதே என்று பிள்ளையை வீட்டிலேயே பூட்டி வைப்பது. தண்ணீரில் தனியே இறங்கவிடாதீர்கள். குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிக உயரம் ஏறவிடாதீர்கள். மற்றபடி விளையாடட்டும், படிக்கட்டும், கடைக்குப் போய்வரட்டும். பெண் பிள்ளையாயின், நாளைக்குக் கல்யாணம் ஆகாதே என்று நோயை மூடி மறைக்கிறோம். நாம் மறைப்பதைப் பார்த்துப் பார்த்து, தன்னையே மறைக்க வேண்டிய பொருளென்று அவள் எண்ணிவிடுகிறாள். நோயைப் பறைசாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர், ஓதிக்கொடுப்பவர், நெருங்கிய உறவினர் ஆகியோர் அறிந்திருப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

ரமலான் மாதத்தில் இன்னும் கவனம் தேவை. வயது வராத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. நோயாளிக்குத் திருமறையே சலுகை தந்திருக்கிறது. தூக்கம் கெடுவதும், மாத்திரை நேரம் தவறுவதும் வலிப்பைக் கிளப்பிவிடும். வயது வந்த பிள்ளையாயின் வைத்தியரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்யுங்கள். நோன்பு பிடிக்காத பிள்ளையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் கொடுத்த சலுகையை ஏற்பதும் வணக்கம்தான் என்று அதற்குச் சொல்லிக்கொடுங்கள்.

பள்ளிவாசலிலோ வீட்டிலோ ஒருவருக்கு வலிப்புக் கண்டால் செய்ய வேண்டியது மிகவும் எளிது. கடினமான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். சாவியும் இரும்பும் வேண்டாம். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு வருமுன் மறுபடியும் வந்தாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. இத்தனையும் உடம்புக்கு. மனத்துக்கு ஒன்று செய்யுங்கள்: ஒரு துணியை எடுத்து இடுப்புக்கு மேல் போர்த்திவிட்டு, கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லுங்கள். அந்த அம்மையாருக்காக நாயகம் (ஸல்) அவர்கள் செய்த துஆவை நம் கையால் நிறைவேற்றும் வாய்ப்பு அது.

கண்பார்வை இல்லாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பொருட்டுத் திருமறை வசனங்களே இறங்கின. அதன்பின் நாயகம் அவர்கள் அவரை முஅத்தினாக வைத்தார்கள். தாம் பயணம் போகையில் மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். குறையுள்ளவரை வாசலில் நிறுத்துவது நபிவழியன்று. அழைத்துப் பொறுப்புக் கொடுப்பதே நபிவழி.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அன்று பேசிய பெரியவரும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு பையனிடமும் கேட்டோம். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் உன்னைத் துரத்தவில்லை, வாப்பா. நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன்" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. அடுத்த வாரம் வந்தான். கதவோரம் உட்கார்ந்தான். இப்பொழுது இரண்டு வரிசை முன்னால் வந்திருக்கிறான். ஓதிக்கொடுப்பவருக்கும் பெரிய பிள்ளைகள் நால்வருக்கும் வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று பழக்கியிருக்கிறோம். சிரித்த பையன்தான் அந்த நால்வரில் முதலாமவன். ஆயினும் இழந்த மாதங்களை நாம் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

உங்கள் பள்ளியிலும், உங்கள் தெருவிலும், உங்கள் அடுக்குமாடியிலும் இப்படி ஒரு பிள்ளை கதவுக்குப் பின்னால் இருக்கக்கூடும். இந்த ஏட்டை மடித்து வைத்ததும், அந்தக் கதவைப் போய்த் தட்டுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் பிள்ளைகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுடைய அச்சத்தை நீக்கி, உள்ளத்துக்கு அமைதி தருவாயாக! அவர்களைப் பெற்றோருக்குத் தாங்கும் பலத்தைத் தருவாயாக! எங்கள் நாவால் புண்பட்ட சிறுவர்களின் முன்னே மறுமையில் எங்களை வெட்கித் தலைகுனிய வைத்துவிடாதே! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.